சுவர்க்கண் மீன் பிடித்த நாள்

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரர் ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். நான் பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கக் குனிந்த நேரம் ஒரு சில்லு பறந்து வந்து என் கழுத்துக்குள் விழுந்து முதுகு வழியே இறங்கியது. துள்ளிவிட்டேன். பிறகு சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. "மொகத அக்கே?" என்று மீன்காரர் பயந்துபோய்ச் சிங்களத்தில் கேட்டார், என்ன அக்கா என்று. என்ன நடந்தது என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்? உடைந்த ஐஸும் பச்சை மீனும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதுமே காலிக்குப் போகிற வீதியின் இரைச்சல் எல்லாம் அடங்கி, கனடாவில் நாம் இருவரும் மீன் பிடித்த அந்த ஐஸ் ஏரி என் முன்னால் வெள்ளை வெளேரென்று விரிந்துவிட்டது. பாரையை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மத்தியானத்துக்குப் பருப்புத்தான்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இவ்வளவு நாளும் உன்னை நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வீடியோவில் கதைத்த முகம்தான் வரும். இன்றைக்குத்தான் மூக்கு நுனி சிவந்து, காது மூடிய தொப்பியோடு, குளிரில் வாயால் புகை விட்டுச் சிரித்த முகம் வந்தது. அது மறுபடி மறைவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீயும் நானும் கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தோம். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தோம். போக வேண்டிய இடத்துக்குப் போவதில் உனக்கு என்றைக்குமே அக்கறை இருந்ததில்லை. ஒருநாள் வத்தளையில் யாரோ மாமி வீட்டுக்கு என்று சொல்லி என்னைப் பஸ்ஸில் ஏற்றினாய். வத்தளை வந்தது, போனது. "இறங்கேல்லையா?" என்றேன். "இந்த பஸ் எங்க போய் முடியுது எண்டு பாக்க வேணும்" என்றாய். நீர்கொழும்பில் போய் முடிந்தது. கடற்கரையில் கருவாடு காயப்போட்டிருந்த பாய்களுக்கு நடுவே நீ ராணி போல நடந்தாய்; நான் அழுதுகொண்டே பின்னால் வந்தேன். வீட்டில் இருவருக்கும் கிடைத்த ஏச்சில் எனக்குத்தான் பெரிய பங்கு. நீ சிரித்துச் சமாளித்துவிட்டாய்.

அப்படிப்பட்ட நீ கலியாணம் முடித்துக் கனடாவில் ஸ்காபரோவுக்குப் போய் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாய் என்று கேள்விப்பட்டபோது நான் ஆச்சரியப்படவில்லை. அந்தப் பிள்ளைகள் சரியான பள்ளிக்கூடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்களா என்பதில் மட்டும் சின்னச் சந்தேகம்.

என் மனிசன் காலமான பிறகு மகன் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டான். பார்த்துவிட்டுத் திரும்பத்தான் என்று வந்தேன். வந்த பிறகுதான் அவன் மனதில் இருந்ததைச் சொன்னான்: வெள்ளவத்தை ஃபிளாட்டை விற்றுவிட்டு நிரந்தரமாக அங்கேயே இருந்துவிட வேண்டும். தனியாக இருக்கிறீங்கள், விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்டான். பாசத்தில்தான் கேட்டான். நான் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நீ வந்து வாசலில் சப்பாத்தை உதறினாய்.

"தம்பி, ரெண்டு நாளைக்கு அம்மாவை என்னட்ட விடு. கனடாவைப் பிடிக்க வைச்சுத் தாறன்."

நயாகராவுக்குக் கூட்டிப் போவாய் என்று நினைத்தேன். நீ ஐஸ் ஏரியில் மீன் பிடிக்கக் கூட்டிப் போனாய்.

உன்னோடு பஸ் ஓட்டியவர்கள் பழக்கிவிட்டார்களாம். ஒவ்வொரு பனிக்காலத்திலும் போகிற ஏரி ஒன்று உனக்கு இருந்தது. அந்த வருஷம் அங்கே ஐஸ் சரியாகக் கட்டவில்லை. வடக்கே இன்னொரு ஏரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பெயர் என் வாயில் நுழையவில்லை. உன் வாயிலும் சரியாக நுழையவில்லை என்பதை நான் வழியில்தான் கண்டுபிடித்தேன்.

"நீ முந்தி இங்க வந்தனியா இல்லையா?"

"இல்லையடி. ஏரி எல்லாம் ஏரிதானே."

நீர்கொழும்பு பஸ் ஞாபகம் வந்து, நீ ஓட்டிய வானின் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உன் கணவர் விடியற்காலையில் வாசல்வரை வந்து, இடியப்பப் பார்சலையும் இஞ்சித் தேத்தண்ணிப் போத்தலையும் வானுக்குள் வைத்துவிட்டுச் சொன்னதும் ஞாபகம் வந்தது: "ரெண்டு பேரும் உயிரோட வந்தாப் போதும். மீன் கடையில வாங்கலாம்."

ஏரிக்கரையில் தூண்டில் இரை விற்கிற சின்னக் கடை. தாடி வைத்த வெள்ளைக்காரர் நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். மகனின் குளிர்ச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் நின்றேன். எனக்கும் மீன் பிடிக்கிற அனுமதி அட்டை எழுதித் தந்தார். ஐஸ் மேல் வழி தெரிவதற்காகப் பைன் கிளைகளை வரிசையாக நட்டிருப்பதாகவும், அந்த வரிசையை விட்டு விலக வேண்டாம் என்றும் சொன்னார். பனி மூடினால் நடக்காமல் இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார். நீ பெரிய கெட்டிக்காரியாகத் தலையாட்டினாய்.

ஐஸ் மேல் முதல் அடி வைத்தபோது உன் கையை எப்படிப் பிடித்தேன் என்று உனக்குத் தெரியும். அடியில் எங்கோ 'டொம்ம்' என்று ஒரு சத்தம் ஓடியது. நான் அப்படியே உறைந்துவிட்டேன்.

"அது ஐஸ் பலமா இருக்கெண்டு அர்த்தம்" என்றாய்.

"சத்தம் வராட்டி?"

"அதுவும் பலமா இருக்கெண்டுதான் அர்த்தம்."

பொய்யோ மெய்யோ, நடந்தேன். நீ சறுக்கு வண்டியில் சாமான்களை இழுத்துக்கொண்டு முன்னால் போனாய். ஓரிடத்தில் நின்று, ஐஸைத் துளைக்கிற பெரிய துறப்பணத்தை நிறுத்தி இருவரும் மாறி மாறிச் சுழற்றினோம். ஐஸ் சீவல் சீவலாக மேலே வந்தது. கடைசியில் 'களக்' என்று தண்ணீர் பொங்கியதும் நான் கைதட்டிவிட்டேன். இவ்வளவு தடித்த ஐஸுக்குக் கீழே ஒரு முழு ஏரி உயிரோடு இருக்கிறது என்பதை அதுவரை என் மனம் நம்பவில்லை.

சின்னக் கூடாரத்தை விரித்து, இரண்டு ஸ்டூல் போட்டு, முழ நீளத் தூண்டில்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். 'வோல்ஐ' என்று அந்த மீனுக்குப் பெயர் சொன்னாய். "வோல் எண்டாச் சுவர், ஐ எண்டாக் கண். சுவருக்குக் கண்ணோ?" என்று கேட்டேன். நீ ஸ்டூலில் இருந்து விழப் பார்த்தாய். அன்றிலிருந்து நமக்கு அது சுவர்க்கண் மீன்.

மத்தியானம் முழுக்க ஒரு சுவர்க்கணும் வரவில்லை. இடியப்பம் கல்லாகியிருந்தது. சம்பலை, நீ கூடாரத்துக்குள் மூட்டிய சின்ன அடுப்பின் சூட்டில் காட்டிக் காட்டிச் சாப்பிட்டோம். நீ மீனை விட்டுவிட்டு என்னைப் பிடிக்கத் தொடங்கினாய். கோயில் இருக்கிறது, கறிவேப்பிலை கிடைக்கிறது, தமிழில் கதைக்கிற டொக்டர் இருக்கிறார், பக்கத்துத் தெருவில் நீ இருக்கிறாய். அடுக்கிக்கொண்டே போனாய். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஓம், ஓம் என்றேன். மனதுக்குள் ஃபிளாட்டை ஏறக்குறைய விற்றே விட்டேன்.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரம் என் தூண்டில் நுனி மெல்ல வளைந்தது. ஏதோ செடியில் மாட்டிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அந்தச் செடி இழுத்தது.

"சுத்து! சுத்தடி! விடாத!"

"நீ பிடி!"

"நான் பிடிக்க மாட்டன், இது உன்ர மீன்!"

நீ ரோர்ச் லைட்டைத் துளைக்குள் அடித்தாய். கறுத்த தண்ணீருக்குள்ளிருந்து முதலில் மீன் வரவில்லை, கண்கள்தான் வந்தன. யாரோ கீழேயிருந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவது போல ஒளிர்ந்த கண்கள். பிறகு பொன்னும் பச்சையும் கலந்த உடம்பு துளையை அடைத்துக்கொண்டு மேலே வந்து என் மடியில் விழுந்தது. நான் போட்ட கூச்சல் ரொறன்ரோவரை கேட்டிருக்கும். நீ என் கழுத்தைக் கட்டிப் பிடித்தாய். அப்போதுதான் ஒரு ஐஸ் சில்லு என் சட்டைக்குள் போனது. கட்டிப்பிடிக்கும் சாட்டில் நீதான் போட்டாய் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

அந்தக் கொண்டாட்டத்தில் வெளியே காற்று மாறியதை நாம் கவனிக்கவில்லை. கூடாரத் துணி படபடவென்று அடித்த பிறகுதான் நீ எட்டிப் பார்த்தாய். ஏரி இல்லை, வானமும் இல்லை. பைன் கிளைகளைக் காணவில்லை. பால் சட்டிக்குள் நிற்பது போல இருந்தது. கைபேசியில் சிக்னலும் இல்லை.

"நாங்கள் வந்த வான் நிக்கிறது அந்தப் பக்கம்தான்" என்று கையை நீட்டினாய். நான் வேறு பக்கம் நீட்டினேன். கூடாரத்தை விட்டுவிட்டு, சறுக்கு வண்டிக் கயிற்றை இருவர் இடுப்பிலும் கட்டி, வண்டியையும் இழுத்துக்கொண்டு நடந்து பார்த்தோம். கொஞ்ச தூரத்தில் நீ நின்றாய்; பின்னால் கூடாரமும் மறைந்துவிட்டிருந்தது. கயிறு தளர்ந்தது. திரும்பி வந்து என் முகத்துக்கு மிக அருகில் உன் முகத்தைக் கொண்டுவந்தாய். அவ்வளவு வருஷச் சிநேகிதத்தில் நீ பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"எனக்குத் தெரியேல்லையடி" என்றாய். "எங்க போறதெண்டு எனக்குத் தெரியேல்ல."

எனக்கு ஏனோ பயம் விட்டுப்போனது. "அந்த மனிசன் சொன்னவர்தானே, இருந்த இடத்தில இருக்கச் சொல்லி. இரு" என்றேன். சறுக்கு வண்டியைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்து, அதன் பின்னால் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். மீனைப் பையோடு என் மடியில் வைத்திருந்தேன்.

பிறகு, முன்னால் பார்த்தபடியே சொன்னாய்:

"நீ இங்க வந்திராத."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"மத்தியானம் முழுக்க நான் கதைச்சதெல்லாம் விடு. அண்டைக்குக் கொழும்புக்கு வந்தனான்தானே, அம்மா செத்த பிறகு. கொட்டாஞ்சேனை வீட்டில இப்ப வேற ஆக்கள். வெளியில நிண்டு பாத்துட்டு வந்தனான். பிறகு உன்ர வீட்டு பெல்லை அடிச்சன். நீ கதவைத் திறந்து, 'என்னடி, இவ்வளவு நேரம்?' எண்டு கேட்டாய். அப்பதான் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. நீயும் இங்க வந்திட்டா, அங்க எனக்குக் கதவைத் திறக்க ஆர் இருக்கினம்?"

நான் அழுதேன். கண்ணீர் கன்னத்தில் நிற்கும் முன்னே குளிர்ந்தது. நீ கையுறையால் துடைக்கப் பார்த்து முகமெல்லாம் மீன் செதிலைப் பூசிவிட்டாய். அதற்குப் பிறகு அழ முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. விறைத்துப் போகக்கூடாது என்று பள்ளிக்கூடக் கீதத்தைப் பாடினோம். இரண்டாம் அடி இருவருக்கும் மறந்திருந்தது. முதல் அடியையே திரும்பத் திரும்ப, தொண்டை கிழியப் பாடினோம்.

அந்தப் பாட்டுச் சத்தத்துக்கு இயந்திர இரைச்சல் ஒன்று பதில் சொன்னது. மங்கலாக ஒரு மஞ்சள் வெளிச்சம். கடைக்காரர்தான். கரையில் நம் வான் அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டுத் தேடி வந்திருந்தார். பனிவண்டியை நிறுத்தி, நாம் முழுதாக இருக்கிறோமா என்று பார்த்தார். அடுத்த கேள்வி, "மீன் கிடைத்ததா?" நீ எழும்புவதற்கு முன்பே என் மடியிலிருந்த பையைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினாய். நன்றி சொல்ல வேண்டும் என்பது இருவருக்கும் கரைக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

அடுத்த நாள் அந்த மீனைப் பொரித்துக் குழம்பும் வைத்தாய். முள் குறைவு, வெள்ளைச் சதை, இனிப்பு. உன் கணவர் ருசித்துப் பார்த்து, "கடை மீன் மாதிரித்தான் கிடக்கு" என்றார். மகன் சந்தோஷமாகக் கேட்டான், "என்ன மாமி, அம்மாவுக்குக் கனடா பிடிச்சிட்டுதா?"

"நல்லாப் பிடிச்சிட்டுது. அதால வருஷா வருஷம் வந்து போவா. ஆனா ஃபிளாட்டை விக்கிற கதை வேண்டாம்."

அவன் முகம் விழுந்தது. உன்னோடு சில நாள் சரியாகக் கதைக்கவில்லை. விழுந்தால் யார் தூக்குவது என்று உன்னிடமும் கேட்டான். நீ எனக்கு முன்னால் பதில் சொல்லாமல் அவனைக் குசினிக்குள் கூட்டிப்போய் நெடுநேரம் கதைத்தாய். என்ன சொன்னாய் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. விமான நிலையத்தில் என் பையைத் தூக்கியபடி, "அந்த வீட்டில ஒரு அறையை எனக்கும் வையுங்கோ" என்றான்.

அதன் பிறகு எத்தனை தை மாதங்கள் நீ வந்தாய்! உன் பழைய சிங்களத்தில் ஆட்டோக்காரரோடு சண்டை பிடித்து, "மல்லி, தம்பி, நான் நீ பிறக்க முந்தியே இந்த ரோட்டில போனனான்" என்று தமிழில் முடிப்பாய். கொள்ளுப்பிட்டியில் இறங்க வேண்டிய பஸ்ஸில் என்னை மாளிகாவத்தைவரை கொண்டுபோய், அங்கே வட்டிலப்பம் வாங்கித் தந்தாய். மாடிப்படியில் உன் பெட்டி இடிபடும் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு நிற்பேன். "என்னடி, இவ்வளவு நேரம்?" என்று நான் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே வரமாட்டாய்.

இந்தத் தை மாதம் நீ வரவில்லை. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் புறக்கோட்டைக்குப் போய் ஒரு தூண்டில் வாங்கினேன். நம்புகிறாயா? பின்னேரங்களில் ரயில் பாதையைக் கடந்து போய், கடற்கரைக் கற்களில் ஆண்கள் மீன் பிடிக்கிற இடத்தில் நானும் உட்காருகிறேன். முதல் நாள் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அக்கே, மெதன மாளு நே" என்றார் ஒரு வயசாளி. இங்கே மீன் இல்லையாம். "பலமு" என்றேன், பார்ப்போம். அவர்களுக்குப் பழகிவிட்டது. எனக்கும் அலைச் சத்தம் பழகிவிட்டது. மீன்தான் இன்னும் பழகவில்லை.

போன கிழமை, சூரியன் கடலைத் தொடுகிற நேரம், தூண்டில் வளைந்தது. விரலளவு மீன்தான். ஆனால் அது இழுத்த இழுவையில் நான் எழும்பி நின்று, பக்கத்தில் திரும்பி, "பிடிச்சிட்டன்டி! பாத்தியா!" என்று கத்திவிட்டேன்.

வயசாளி திரும்பிப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்த கல்லைப் பார்த்தார். அதில் அவருடைய வாளிதான் இருந்தது.

"கவுத?" என்று கேட்டார். யார்?

"மகே யாளுவா" என்றேன். என் சிநேகிதி.

அவர் குனிந்து, வாளியைத் தூக்கித் தன் மறுபக்கம் வைத்துக்கொண்டு, அந்தக் கல்லில் இடம் விட்டார்.