வீதிக்கதவில் என் பெயர்

கார்த்திகை 22
தெருச் சங்கக் கூட்டத்தில் பேசினேன். பொருள்: ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கடற்கரைப் பட்டினங்களில் வீடும் வீதியும். வணிகர் வீட்டின் முன்கூடம் கப்பலேறி வந்த அயலாருக்கும் திறந்திருக்கும், உள்கட்டு குடும்பத்தாருக்கே உரியது என்று விரித்துரைத்தேன். சில தெருக்களுக்குக் கதவும் இருந்திருக்கலாம், இரவில் மட்டும் அடைத்திருப்பர் என்றேன். செயலாளர் அரிகிருஷ்ணன் அவ்விடத்தில் பலமாகக் கைதட்டினார். மகிழ்ந்தேன்.

மார்கழி 1
விடியலில் பஜனைக் கோஷ்டியோடு தெருவின் பின்புறச் சந்தினைச் சுற்றித் திரும்பினோம். சந்துக்கும் எங்கள் தெருவுக்கும் இடையே புதிதாய் எழுந்த இரும்புக் கதவில் ஒரு பலகை. “அக்காலப் பட்டினங்களிலும் தெருவுக்குக் கதவு இருந்தது.” கீழே என் பெயர்! அதற்கும் கீழே, “காலை ஏழு மணி வரை வெளியாருக்கு வழி இல்லை.”

ஐயோ, என் பேரைப் போட்டா இதைச் செய்யணும்?

கதவருகே சந்தில் வசிக்கும் செல்லம்மா நின்றிருந்தாள். தாம்பரத்தில் ரயிலேறி, எங்கோ ஒரு விடுதியில் சமைக்கப் போகிறவள்.

“இன்னா சாமி, எங்க வழிய அடைக்க நீங்கதான் பர்மிசன் குடுத்தீங்களாமே? சுத்திகினு போனா ட்ரெயின் பூடும். இன்னொரு தபா லேட்டுன்னா வேலை காலின்னு ஆஸ்டல்ல சொல்லிகீறாங்க.”

செயலாளரிடம் பேசுகிறேன் என்றேன்.

மார்கழி 2
அரிகிருஷ்ணனிடம் முறையிட்டேன். “தீர்மானம் போட்டாச்சு சாமி. இனிமே சித்திரைல மீட்டிங். பஜனைக்கு மட்டும் தொறந்து விடுவோம், தெய்வ காரியம் பாருங்க.” என் பெயரையாவது அழியுங்கள் என்றேன். “உங்க பேரு இருக்கங்காட்டிதான் ஒருத்தனும் வாயத் தொறக்கல!”

மார்கழி 3
திருநீர்மலை சென்றேன். பெருமாளின் முகத்தை ஏறிட்டு நோக்க இயலவில்லை. கோயிலுக்குள் வர இயலாதவர்க்காகவே அவன் வீதிக்கு எழுந்தருளுகிறான் என்று எத்தனை மேடைகளில் உரைத்திருப்பேன்!

மார்கழி 5
பஜனை கதவைக் கடக்கையில் பின்னால் காலடியோசை மிகுந்தது. திரும்பினேன். சாப்பாட்டுப் பையோடு செல்லம்மா, இன்னும் சில பெண்கள். கோஷ்டியோடு கோஷ்டியாய் நுழைகிறார்கள்!

“எங்க பாஸ்டராண்ட மட்டும் சொல்லிடாதீங்க சாமி.”

சிரித்துவிட்டேன். தாளம் தவறியது. நாற்பதாண்டு வழக்கத்தில் இப்படியொரு காட்சியா? பிறகு வேண்டுமென்றே மெல்ல நடந்தேன். கடைசிப் பெண்ணும் உள்ளே வரட்டும்.

மார்கழி 27
பெண்கள் எங்களோடு நுழைவதை அரிகிருஷ்ணன் கண்டுகொண்டார். “மார்கழி முடிய இன்னும் ரெண்டு நாள்தானே, போகட்டும்.” அதன்பின்?

தை 2
விடியலில் நீராடித் திருமண் இட்டுக்கொண்டு, தாளத்துடன் புறப்பட்டேன். கோஷ்டியில் ஒருவரும் வரவில்லை. சந்தினைச் சுற்றி வந்தபோது பின்னால் பெண்கள் சேர்ந்துகொண்டனர்.

பூட்டிய கதவின் உட்புறம் அரிகிருஷ்ணன். “சாமி, மார்கழி முடிஞ்சிடுச்சே?”

“பஞ்சாங்கம் எனக்கும் தெரியும். பஜனை வந்திருக்கிறது.”

என்ன பாடுவதென்று திகைத்தேன். வேறொன்றும் நாவில் எழாமல், முறையை மீறி, மார்கழிப் பாசுரத்தையே தொடங்கினேன். செல்லம்மா கைதட்டித் தாளம் சேர்த்தாள்.

அரிகிருஷ்ணன் காவலாளியிடம் சாவியைக் கேட்டார்.