அம்மாவின் சுத்தமான நாக்கு

ஜூலை 7, செவ்வாய்

இன்று நடந்ததை, அம்மா என்னை முறைத்தது உட்பட, ஒன்றையும் மறைக்காமல் எழுதப் போகிறேன்.

அம்மா எட்டு மணி நேரம் தூங்கினாலும் களைப்போடுதான் எழுகிறாள். "இப்படியே போனா வேலையை விட்டுற வேண்டியதுதான்" என்று நேற்று சொன்னாள். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. அவளுக்கு அது உயிர். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. அதனால் கிளென்ஃபீல்ட் பகுதியில் இருக்கும் ஒரு சீன வைத்தியரம்மாவிடம் போனோம்.

அவர் மூன்று விரல்களை வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"நான் படிக்க வேண்டிய பக்கத்தை அழித்துவிட்டு வந்திருக்கிறீர்களே!"

நாக்கில் படியும் மாவைப் பார்த்துத்தான் செரிமானத்தை அறிவார்களாம். அம்மாவோ கிளம்பும் முன் இரண்டு முறை நாக்கு வழித்திருந்தாள்.

"டாக்டர் முன்னாடி அழுக்கு நாக்கையா நீட்டுவாங்க?" என்று என்னிடம் முணுமுணுத்தாள். நான் அதையும் வைத்தியரம்மாவுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டேன். அதற்குத்தான் முறைத்தாள்.

வைத்தியரம்மா ஊகித்து மருந்து தரவில்லை. "வெள்ளிக்கிழமை வழிக்காமல் வாருங்கள்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. பிறகு, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். பத்து மணிக்கு என்றாள் அம்மா.

"அப்படியானால் உங்கள் வயிறு தினமும் நைட் ஷிஃப்ட் பார்க்கிறது. காலையில் களைக்காதா?"

ஷிஃப்ட் என்றதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இன்று ஆறரைக்கே சாப்பிட்டோம். நாளை எப்படி எழுவாளோ தெரியவில்லை. இப்போதுதான் அவள் அறையில் விளக்கு அணைந்தது. என்னுடையதையும் அணைக்கப் போகிறேன்.