மச்சாள், அது உன் கை இல்லை

என் அன்பு மச்சாள் கலா,

நீ போய் மூன்று மாதமாகிறது. கதவுக்குப் பின்னால் தொங்கும் உன் குளிர்ச்சட்டையை அண்ணை இன்னும் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. இன்று எழுத உட்கார்ந்தது அழுவதற்கல்ல. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

எங்கள் ஆய்வகத்தில் நீ கடைசியாகச் செய்த மண் மாதிரிகள் நினைவிருக்கிறதா? கோலியர்ஸ் வுட் பக்கத்துத் தோட்டத் துண்டுகளிலிருந்து வந்தவை. "செத்ததின்ர கொழுப்புக் கெதியாச் சிதைஞ்சு போயிடும். உயிரோட இருக்கிற கிருமியின்ர கொழுப்புத்தான் எங்களுக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டே, மண்ணில் குளோரோபோமும் மெதனோலும் ஊற்றிக் குலுக்குவாய். கீமோவுக்குப் போன கிழமையிலும் ஒரு குழாயை நீ மாற்றி வைத்ததில்லை.

போன திங்கள், மேலாளர் அந்தத் தொகுதி முழுவதையும் தள்ளிவிடச் சொன்னார். மண்ணே போடாத வெறுங்குழாயில்கூடப் பன்னிரண்டு காபன் கொழுப்பமிலம் வரைபடத்தில் பெரிதாக எழுந்து நிற்கிறதாம். பாவம், நோய் வருத்தத்தில் கை தடுமாறியிருக்கும் என்று அறிக்கையில் எழுதப் போனார். பாவமாம்! அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது.

தள்ளச் சொன்னது சரி. வெறுங்குழாயே அழுக்கென்றால் மற்ற எண்களையும் நம்ப ஏலாது. ஆனால் அந்த அமிலம் மண்ணிலிருந்து இவ்வளவு வராது, தேங்காயெண்ணெயிலிருந்து வரும். எண்ணெய் மணமே உனக்கு ஒத்துக்கொள்ளாத நாட்கள் அவை. குழாய்களைக் கழுவி அடுக்கியது யார்? நான்.

குளிரில் என் கை வெடித்து இரத்தம் கசிந்தது. ஆய்வகத்தில் கிரீம் பூசக் கூடாது என்பது சட்டம். தேங்காயெண்ணெய் கிரீமா என்ன? சமையலறைப் போத்தலிலிருந்து எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டு வந்தேன். கையுறை போடாமல் குழாய்களுக்கு மூடி மாட்டினேன். கொழுப்பை அளக்கிற இடத்துக்குக் கொழுப்பைப் பூசிக்கொண்டு வந்த விசரி நான்தான், மச்சாள்.

வீட்டில் சொன்னேன். "விடு வதனி, உன்ர வேலையும் போகப்போகுது. அவளே போயிட்டாள், இனிப் பேர் என்னத்துக்கு?" என்றார் அண்ணை.

"அவள் வந்து கதைக்க ஏலாது எண்டுதான் அண்ணை நான் கதைக்கிறன்."

அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினார்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இப்போது மாதிரிகளைத் தொட விடாமல் என்னை விலக்கி வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். உறைபெட்டியில் மிச்சமிருந்த மண்ணை வேறொருவர் புதுக் குழாய்களில் மறுபடி செய்தார். வெறுங்குழாய் சுத்தம். பூஞ்சணத்தின் கொழுப்பு, நீ குறித்து வைத்த அளவுக்குக் கிட்டவே நிற்கிறது. அந்தத் தோட்டத்து மண்ணுக்கு உயிர் இருக்கிறது என்று நீதானே முதலில் கண்டாய்?

பிழைப் பதிவேட்டில் காரணம் எழுத ஒரு வரிதான் இடம். ‘வதனியின் கை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

வேலை இருந்தாலும் சரி, போனாலும் சரி, அறிக்கையில் உன் பெயர்தான் முதலில் போகும், போக வைப்பேன். உன் கை தடுமாறியது என்று இனி ஒருவர் என் முன்னால் சொல்லட்டும், பார்க்கிறேன்.

பிழை செய்த, அதை உன் தலையில் போட விடாத,
உன் மச்சாள் வதனி