ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு பெண்குரல்

பியானோ ஓடிக்கொண்டிருந்தால் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் எழுந்து போகாத என் சுமதிக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை திதி கொடுத்தோம். உன் தங்கை கௌசல்யா வந்திருந்தாள். உன்னிடம் கீபோர்டு கற்றுக்கொண்ட நாலைந்து பேர், இப்போது குழந்தை குட்டியோடு இருப்பவர்கள், அவர்களும் வந்தார்கள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. குறையை நான் வேறிடத்தில் செய்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். யார் படித்தாலும் படிக்கட்டும். என்னைத் திட்டுவதற்கும் ஆள் வேண்டுமே.

பனியன் கம்பெனியில் செக்கிங் சூபர்வைசராகவே என் காலம் ஓடியது உனக்குத் தெரியும். துணியை விளக்கடியில் விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான். சாம்பாரில் உப்பு, சுவரில் விரிசல், உன் பியானோக்காரர்களிடம் பிழை.

சரக்குப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், கோயமுத்தூர் ஹாஸ்டலில் படிக்கும்போது உன்னைப் பிடித்துக்கொண்ட பியானோப் பைத்தியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அடுத்த முறை வரும்போது தன் பழைய இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாரே. அதில் பியானோ வாசித்த ஒரு கிழவர் மேல் உனக்கு உயிர். எந்தக் காலத்திலோ வாசித்தது. எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இரைச்சல், அதற்கடியில் பியானோ. வேகமாக இறங்கி வரும் ஓரிடத்தில் அவர் விரல் தப்பான கட்டையில் விழும். முதல் தடவையே நான் பிடித்துவிட்டேன்.

"இத்தனை பெரிய ஆளு, இதைத் திருத்தாம உட்டுட்டாரே" என்றேன்.

"அப்பெல்லாம் ஒரே மூச்சுல வாசிச்சு முடிக்கோணுங்க. இப்ப வர்றதெல்லாம் நல்ல எடமாப் பாத்து வெட்டி ஒட்டறது. உங்க கம்பெனி ஆல்டரேஷன் பீஸாட்டம்."

"அப்ப உன்ற கிழவரு செகண்ட்ஸ் பீஸு."

"இருந்துட்டுப் போவட்டுங்க. நான் கட்டிக்கிட்டதும் செகண்ட்ஸ்தானுங்களே."

குறை விழுந்த பனியன்களைக் காதர்பேட்டையில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்களே, அதைச் சொல்லி அன்றைக்கெல்லாம் சிரித்தாய்.

தட்டு தேய்ந்துவிடக் கூடாது என்று அதைக் கேசட்டில் பதிந்து வைத்தாய். ஒயர் மாட்டத் தெரியாது நமக்கு. ஸ்பீக்கருக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்துப் பட்டனை அழுத்தினாய். பக்கத்து நிட்டிங் மெஷின், குக்கர், தெருவில் போன வண்டி, எல்லாம் அந்தக் கிழவரோடு சேர்ந்து பதிவானது.

பிறகு தொண்டை ஆபரேஷன் உன் குரலைக் கொண்டுபோனது. பத்து வருஷம் சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் பேசினாய். வீடியோ எடுக்கிற போன் நம் வீட்டுக்கு வந்ததே உன் குரல் போனதற்கு அப்புறம்தான். அதில் இப்போதைய பியானோக்காரர்களைத் தேடித் தேடிக் கேட்டாய். "இந்தப் பொண்ணு அந்த எடத்துல நிதானமா எறங்குது. தப்பே இல்லீங்க, உங்களுக்குப் புடிக்கும்" என்று எழுதி என் முன்னால் நீட்டினாய். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நம் கல்யாண வீடியோவிலோ, முழுக்கப் பாட்டைப் போட்டுப் பேச்சையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அதில் நீ வாயசைப்பாய், அவ்வளவுதான்.

திதிக்கு வருகிறவர்களுக்கு உன் கிழவரைக் கேட்கக் கொடுக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. தட்டு உடைந்து வெகுநாளாகிவிட்டதால் கேசட்டை எடுத்தேன். இரைச்சலோடு கொடுக்க மனசு வரவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்பெனியில் ரிப்போர்ட் எழுதுவதுபோல நிமிடம் வாரியாக எழுதினேன். நாலாவது நிமிடம், குக்கர். ஆறு, ஹாரன். ஒன்பது, கேட் திறக்கும் சத்தம், ஆண்குரல், பெண்குரல். பக்கத்தில் சிவப்புப் பேனாவால் அம்பு போட்டேன். கல்யாண வீடியோ தயாரிக்கும் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, இதெல்லாம் போக வேண்டும் என்றேன். நன்றாகவே எடுத்துக் கொடுத்தார்கள். கேட்டுப் பார்த்து ஓகே என்றேன். பூஞ்சை பிடித்த கேசட் வேண்டுமா என்று கேட்டார்கள். குப்பையில் போட்டுவிடுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். ஒன்பதாவது நிமிடம் தாண்டியதும் கௌசல்யா நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, அக்கா பேசறது எங்கீங்க?"

"எங்க பேசறா?"

"நீங்க கேட்டைத் தொறந்துட்டு வந்து, தண்ணி வந்துச்சான்னு கேப்பீங்க. அதுக்கு அக்கா, 'மெதுவாப் பேசுங்க, இப்ப அந்தத் தப்பு வரும், கேளுங்க'ன்னு சொல்லுவா. நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கறனுங்களே."

அடக்கிப் பேசிய குரல், டேப் வேறு இழுத்துக்கொண்டு ஓடியது, வார்த்தை விளங்கவில்லை, என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல சுமதி. இந்தப் பதினோரு வருஷத்தில் உன் குரலை நான் மறந்திருக்கிறேன். நீ பேசியதை உட்கார்ந்து கேட்டுவிட்டு, எவளோ பேசுகிறாள் என்று அம்பு போட்டிருக்கிறேன்.

மறுநாள் ஸ்டுடியோ திறக்கும் முன்பே போய் நின்றேன். "நீங்க ஓகே சொன்னதும் மத்ததெல்லாம் அழிச்சுட்டமுங்க, அண்ணா. கேசட்டும் அன்னைக்கே குப்பை வண்டியில போயிருச்சு" என்றார் ஸ்டுடியோக்காரர். அவர்மேல் தப்பில்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்து என்னுடையது.

இப்போது கௌசல்யா சொன்ன வார்த்தைகள் என்னிடம் இருக்கின்றன. மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் அவள் குரலில்தான் கேட்கிறது. உன் குரல் கனமா, மெலிசா? 'ங்க' என்று முடிக்கும்போது கொஞ்சம் இழுப்பாயா? உன் புருஷன் இதைப் போய் யாரிடம் கேட்பான்?

கிழவரின் தப்பு மட்டும் போகவில்லை. அது இருக்கிறது. பாட்டைப் போட்டுவிட்டு, ஒன்பதாவது நிமிடத்தில் தண்ணி வந்துச்சா என்று இப்போது நானே வாய்விட்டுக் கேட்கிறேன். பதில் இல்லை. அந்தத் தப்பு வருகிறது. நீ கேட்கச் சொன்னதை இனி ஒரு நாளும் தவறாமல் கேட்பேன். அதற்கு அம்பு போட மாட்டேன்.

இப்படிக்கு,
நீ கட்டிக்கொண்ட செகண்ட்ஸ் பீஸ்,
உன் ஊட்டுக்காரன்.