நாய்க்குட்டி அழ வேண்டாம்

பாப்பாவின் அப்பாவுக்கு, மந்தைவெளி ஹாஸ்டலிலிருந்து ஜெனிதா அன்போடு எழுதுவது.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? போனை அவள் பிடுங்கிக்கொள்வதால்தான் கடிதம்.

பயப்பட ஒன்றுமில்லை, ஆபீசில் சின்னச் சண்டை. நாங்கள் செய்கிற குழந்தைகள் கேமில் ஒரு நாய்க்குட்டி வருகிறது. கேமை மூடினால் அது அழட்டும் என்று யோசனை சொன்னதே நான்தான். நான் பஸ் ஏறியபோது பாப்பா அழுதாளே, அதே மாதிரி. மேனேஜருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. டிசைனர் மதுவந்தி மட்டும் எதிர்த்து எழுந்தாள்.

"பசிச்சு எழுந்து போற குழந்தைய எதுக்கு சார் தப்பு பண்ணின மாதிரி ஆக்கணும்? அழுகை இருந்தா கேம்ல போடற பேர் லிஸ்ட்லேர்ந்து என் பேரை எடுத்துடுங்க."

"ஏம்மா, நாய்க்கு வக்கீலா நீ?"

"நாய்க்கு இல்ல சார், குழந்தைக்கு."

இருபத்தாறு வயதில் என்ன தைரியம்! கடைசியில் அவரே இறங்கிவந்தார். இனி குட்டி கொட்டாவி விட்டுத் தூங்கிவிடும். எனக்கு வெட்கமாக இருந்தாலும் அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ரூம்மேட் லைட்டை அணைக்கச் சொல்கிறாள். ஒன்றே ஒன்று. ஞாயிறு வீடியோ காலில் பாப்பா பாதியில் விளையாட ஓடினால், "அம்மா பாவம்" என்று இழுத்து உட்கார வைக்காதீர்கள். ஓடட்டும்.

உங்கள்
ஜெனிதா