ஹேட்டி உன்னோடு பேசும்போது

அன்பு மகன் கர்ட்டுக்கு,

அம்மாவும் நானும் உடம்பைப் பொறுத்தவரை சுகமாகவே இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் படியிறங்கும்போது முணுமுணுக்கிறது. பெர்த்தில் உனக்கு இப்போது வெயில் ஏறிக்கொண்டிருக்கும், தொப்பியில்லாமல் வெளியே போகாதே. இங்கே மினசோட்டாவில் நேற்று முதல் பனி தூவியது, தரையில் தங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு கோல்ஃப் மைதானத்தை மூடிவிடுவார்கள், கொடிக்கம்புகளை இப்போதே பிடுங்கிக் கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் ஞாயிறு போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவள் எதிரே எனக்கு இந்தப் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்துநாலு வருஷம் ஊரார் கடிதங்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன், எனக்கென்று எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் காபி ஆறிவிடுகிறது.

உன் அக்கா கரின் போய் வருகிற மார்ச்சில் நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு என் நாட்கள் எப்படிப் போயின என்று உனக்கு ஓரளவு தெரியும். செவ்வாயும் வியாழனும் காலையில் வெர்ன் மாமாவோடும் மார்வினோடும் ஒன்பது குழி ஆட்டம், மற்றபடி தினமும் மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் என் கார் நிற்கும். உன் மச்சான் டெரிக்குக்கு ஆஸ்பத்திரியில் வேலை முடிய ஆறு ஆகும், அதுவரை அக்காவின் பெண்கள் ஹேட்டியும் ஜூனும் எங்களுடையவர்கள். நல்ல வெயிலாக இருந்தால் மைதானத்துக்கே கூட்டிப்போய்விடுவேன், பயிற்சித் தரையில் ஹேட்டி பல்லைக் கடித்துக்கொண்டு பந்தை உருட்டுவாள், சின்னவள் ஜூன் குழிக்குள் மஞ்சள் பூக்களைப் போட்டு நிரப்பிவிட்டு, பந்து ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்பாள். வெர்னுக்கு என்னைக் கிண்டல் செய்வதென்றால் பிள்ளைகள் எதிரில்தான் செய்ய வேண்டும். "உங்க தாத்தா அடிக்கிற பந்து தபால்காரன் பந்துடி, ஒரு வீடு விடாம எல்லா வாசலுக்கும் போயிட்டுத்தான் குழிக்கு வரும்" என்பான், ஜூன் புல்லில் உருண்டு சிரிப்பாள். கரின் இல்லாத உலகத்தில் நான் மறுபடி சிரித்தது அந்தப் புல்தரையில்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு மறுபடி ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள், சாகும்வரை இதைச் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெரிக், ஷெல்பி, பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட வந்தார்கள். அம்மா சோளக்கதிர் வேகவைத்திருந்தாள். டெரிக் மறுபடி கட்டிக்கொண்ட ஷெல்பி நல்ல பெண், கல்யாணத்தன்று கரின் படத்துக்குப் பூ வைத்தவள், அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டுக்கு நடுவில் டெரிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஸ்போகேனில் வேலை கிடைத்திருக்கிறது, ஷெல்பியின் அம்மா அங்கே தனியாக இருக்கிறார், அக்டோபரில் போகிறோம் என்றான். காரில் இரண்டு நாள் பயணம், கர்ட். ஜூன், "அங்க கடமான் இருக்காம் தாத்தா" என்றாள். ஹேட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நல்லது, ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு, வெண்ணெய் எடுக்கிற சாக்கில் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன். குளிர்பெட்டி சமையலறையில் இருக்கிறது, எனக்கே அது அப்புறம்தான் உறைத்தது. அம்மா தன் வருத்தத்தை அன்றைக்கே விழுங்கிவிட்டாள். என்னால் முடியவில்லை.

அடுத்த வாரம் ஆட்டம் முடிந்து கிளப்ஹவுஸில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து மேஜையில் யாரோ ஒருவர், மகள் செத்துப்போனால் அவள் பிள்ளைகளைப் பார்க்கத் தாத்தா பாட்டி கோர்ட்டில் கேட்கலாம், சட்டம் இருக்கிறது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் அது ஒன்றுதான் விழுந்தது. யாரிடமும் சொல்லாமல் பக்கத்து ஊருக்குப் போய் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் அமைதியாகக் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். தகப்பனைப் பற்றிக் கவலைப்படும்படி ஏதாவது உண்டா என்று கேட்டபோது, உண்டு என்றேன். இனி எழுதப்போவதை உனக்குக்கூட நான் சொன்னதில்லை, இப்போது டெரிக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். கரின் போன அந்தக் குளிர்காலத்தில் அவன் குடித்தான். ஒரு நாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே நம் கார் ஷெட்டுக்கு வந்து, பலகை அறுக்கும் முக்காலி மேல் உட்கார்ந்து, "அப்பா, எனக்கு என்னையே பார்த்தா பயமா இருக்கு" என்று அழுதான். அவனை விட்டு ஓடிப்போன அவன் சொந்த அப்பாவை அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை, என்னைத்தான் கூப்பிட்டான். நானும் அவனும் அவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டில் பாட்டிலாகத் தொட்டியில் கவிழ்த்தோம். இது இந்த ஷெட்டைத் தாண்டிப் போகாது என்று தோளைப் பிடித்துச் சொன்னேன். அன்றிலிருந்து அவன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அதைத்தான் வக்கீலம்மாவிடம் சொன்னேன். தொட்டதில்லை என்பதையும் சொன்னேன், ஆனால் பிள்ளைகளைப் பார்க்கும் உரிமை கேட்டு அவர் டெரிக்குக்கு எழுதிய கடிதத்தில் முதல் பாதிதான் வந்தது. அவர் நீட்டினார், நான் வரி வரியாகப் படித்தேன், படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அது டெரிக்குக்குப் பதிவுத் தபாலில் போனது. அந்த மாதிரி உறைகளை எத்தனை வீட்டு வாசலில் நானே நீட்டியிருப்பேன், கையெழுத்து வாங்கும்போதே அவர்கள் முகம் எப்படிச் சுருங்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். அனுப்பிய மறுநாள் ஆறாவது குழியருகே வெர்னிடம் சொன்னேன். அவன் அடிக்கக் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். "அந்தப் பையன் உன்கிட்ட வந்து அழுததை எடுத்து அவன் மேலயே வீசிட்டியாடா?" என்றான். பிள்ளைகளுக்காகத்தான் செய்தேன் என்றேன். "பிள்ளைங்களுக்காகன்னு சொல்லாத. உனக்காகன்னு சொல்லு, நான் நின்னு கேக்கறேன்" என்றான். பிறகு மட்டையைப் பையில் செருகிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தை நோக்கி நடந்துவிட்டான். நாற்பது வருஷத்தில், இடி இடித்தபோதுகூட, மூன்று குழி பாக்கி வைத்துவிட்டு அவன் போனதில்லை. மார்வின் என்னையும் அவன் முதுகையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பந்தைப் பொறுக்கப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெரிக் வந்தான். கதவைத் தட்டினான், கர்ட், சொந்த வீடு மாதிரி நுழைகிறவன் தட்டிவிட்டு வெளியே நின்றான். கையில் அந்தக் காகிதம். "மிஸ்டர் ஹால்வர்சன், இது உங்க கையெழுத்துதானான்னு மட்டும் கேட்டுட்டுப் போறேன்" என்றான். என் பெயரின் பின்பாதியை அவன் வாயில் அதற்கு முன் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "வருஷா வருஷம் கோடையில ஒரு மாசம் அவங்களை இங்க அனுப்பறதா நானும் ஷெல்பியும் பேசி வெச்சிருந்தோம். உங்ககிட்ட அன்னிக்கே சொல்லலாம்னுதான் வந்தேன், நீங்க வெளிய போயிட்டீங்க" என்றான். அம்மா என் பின்னால் ஈரக்கையோடு நின்றிருந்தாள். அவள் காகிதத்தை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நின்றபடியே முழுவதும் படித்தாள். மடித்து அவனிடமே கொடுத்துவிட்டு, அவன் கன்னத்தைத் தொட்டாள். அவன் போன பிறகு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கரினோட புருஷனைப் பத்தி இப்படி எழுத உங்களுக்கு எப்படிங்க கை வந்தது?" அதற்கப்புறம் நாங்கள் உப்பு, காபி, வானிலை பற்றித்தான் பேசிக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை காலையிலேயே வக்கீலம்மாவிடம் போய் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கினேன். அங்கிருந்து நேரே டெரிக் வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள், கரினின் கையெழுத்தில் 'கிறிஸ்துமஸ்' என்று எழுதியிருந்த பழைய பெட்டி மேல் அவன் உட்கார்ந்திருந்தான். நான் செய்தது கேவலம், அதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை என்றேன். அவன் வெகுநேரம் டேப்பைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். "உங்களை நான் மன்னிச்சிடுவேன், இன்னிக்கு இல்லைன்னாலும் ஒரு நாள். நீங்க இல்லைன்னா நான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனா ஹேட்டி அதைப் படிச்சிட்டா" என்றான். சமையலறை மேஜையில் அவன் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான், அவள் பள்ளிப் படிவம் என்று நினைத்து எடுத்திருக்கிறாள். அப்பா குடித்தாரா என்று கேட்டிருக்கிறாள், அவன் மறைக்கவில்லை. அம்மா செத்தபோது அப்பா அப்படி இருந்தார் என்பதைப் பதினோரு வயதுப் பெண் இப்படித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்த வாரம் முழுதும் மூன்று மணிக்கு ஷெல்பிதான் பள்ளிக்குப் போனாள். நான் கேட்கவில்லை, அவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது தானாக நடந்துவிட்டது.

அக்டோபர் நாலாம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். டெரிக் போன் செய்து வரச்சொன்னான், அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன். ஜூன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள், "புது ஸ்கூலுக்கும் மூணு மணிக்கு வந்துடுவேல்ல தாத்தா?" என்றாள். ரொம்பத் தூரம் கண்ணே என்றேன், "அப்ப ரெண்டு மணிக்கே கெளம்பு" என்றாள். ஹேட்டி முன்பே காரில் ஏறிவிட்டாள். அம்மா மறுபக்கக் கதவைத் திறந்து அவளை அணைத்து முடியைக் கோதினாள், அவளும் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் என் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கடைசியில் கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது. "தாத்தா, அந்த லெட்டரை அனுப்பறதுக்கு முன்னாடி நீ படிச்சியா?" என்று கேட்டாள். அவள் எனக்கு ஒரு வழி திறந்து வைத்தாள் என்று அந்த நிமிஷமே தெரிந்தது, கர்ட். படிக்கவில்லை, வக்கீல் ஏதோ எழுதிவிட்டார் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் கேட்டாள். படித்தேன் கண்ணே என்றேன். அவள் தலையை ஆட்டினாள், பெரிய மனுஷி மாதிரி. கண்ணாடி மேலே ஏறிவிட்டது. கார் தெருமுனை திரும்பும்வரை ஜூனின் கை மட்டும் பின்கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தடவை என்னையறியாமல் காரை எடுத்துப் பள்ளிப் பக்கம் திரும்பிவிட்டேன். ஒரு தடவை வாசல்வரை போய்விட்டேன், சாலை கடக்கும் பிள்ளைகளுக்குக் கொடி பிடிக்கும் அம்மாள் பழக்கத்தில் கையசைத்தார், நானும் அசைத்துவிட்டுத் திரும்பினேன். வெர்ன் பத்து நாள் கழித்து வந்தான். மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் கிடையாது. "மட்டையை எடுடா, மார்வின் தனியா ஆடி தனக்குத்தானே பொய்க் கணக்குச் சொல்லிக்கறான்" என்றான். போனேன். இரண்டு குழிக்கு மேல் என்னால் முடியவில்லை. பயிற்சித் தரைப் பக்கம் பார்க்காமல் ஆட முடியாது, அந்த மைதானம் அப்படி அமைந்துவிட்டது. வெர்ன் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கார்வரை கூட நடந்தான்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது குறைவு, ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். ஒருவன் உன்னிடம் அழுதுகொண்டே சொன்னது உன்னுடையது ஆகாது, எவ்வளவு பெரிய தேவை வந்தாலும் அதில் கைவைக்காதே. மற்றபடி வேளாவேளைக்குச் சாப்பிடு, வலிக்கிறது என்றாயே, அந்தப் பல்லை டாக்டரிடம் போய்க் காட்டு, தள்ளிப்போடாதே.

ஹேட்டி வாரம் ஒருமுறை உன்னோடு பேசுகிறாள் என்று அம்மா சொன்னாள், எனக்கு அது பெரிய ஆறுதல். நவம்பர் ஒன்பதாம் தேதி அவளுக்குப் பன்னிரண்டு முடிகிறது, அவள் எழுந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடு. நானும் ஒரு வாழ்த்து அட்டை வாங்கி வைத்திருக்கிறேன், உள்ளே 'அன்புடன் தாத்தா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை, அவள் அதைப் பிரிக்காமல் வைத்தாலும் சரி. எனக்காக நீ வாதாட வேண்டாம். தாத்தாவுக்கு வயசாகிவிட்டது, துக்கத்தில் செய்துவிட்டார் என்று எதையும் சொல்லாதே, அவள் கோபம் நியாயமானது, அதை அவளிடமிருந்து பிடுங்காதே. தாத்தா எப்படி இருக்கிறார் என்று அவளாகக் கேட்டால், இருக்கிறார் என்று சொல். கேட்காவிட்டால் ஸ்போகேனில் பனி விழுந்ததா என்று கேட்டு, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிரு. அவள் குரல் எப்படி இருந்தது என்று மட்டும் எனக்கு எழுது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, எங்கே இருந்தாலும் உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாதிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பேசவிடு, இங்கே அவளுக்குப் பேச ஆள் குறைவு.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா,
ஆர்லன்