ஜனவரி முதல் தேதி குடியிருந்தவர்கள்

1954 அக்டோபர் 6, புதன்

பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்கள் ஒரு கட்டு. இவருடைய சட்டசபைப் பேச்சு இன்னொரு கட்டு. இரண்டையும் முடிப்பதற்குள் விரல் மரத்துவிட்டது. குழித்துறைக் கோர்ட்டில் இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிற மனிதர், தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் எழுதச் சொன்னால் முழிப்பார். மெம்பர் ராஜையன் வக்கீலின் செந்தமிழ் எல்லாம் அவர் மனைவி லீலாபாய் டீச்சருடையது. மார்த்தாண்டத்தில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இந்தத் தடவை குடிசை மசோதா. பனந்தோப்பு விளைகளில் குடிசை போட்டிருக்கிறவர்களை விளைக்காரர் இனிமேல் இறக்கிவிடக் கூடாது என்று மந்திரிசபை சட்டம் கொண்டுவருகிறது. எங்கள் கட்சி எதிர்க்கிறது.

"நல்ல சட்டம்தானே?" என்று கேட்டேன்.

"நல்லதுதான். கொண்டுவாறது அவங்களாக்கும். மதராசோட சேரணும்னு கேட்ட நம்ம தமிழ்ப் பயலுவள ஆகஸ்டு கிளர்ச்சியில பிடிச்சு உள்ள போட்டவனுக்குக் கை தூக்கச் சொல்லுதியா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. "ஏழையின் பேரைச் சொல்லி நடத்தும் நாடகம் இது" என்று ஆரம்பித்தேன். எழுதி முடித்தபின் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடம்.

1954 அக்டோபர் 9

நேற்று முழுக்க அண்ணன் நினைப்பு. அண்ணன் இஸ்ரவேல் பனையேறி. அப்பாவுக்கு முடியாமல் போனபோது அவர் மரங்களை அண்ணன் எடுத்துக்கொண்டதால்தான் நான் மிஷன் பள்ளியில் படிப்பை முடித்தேன். மண்டைக்காட்டுக்கு வடக்கே ஒரு விளையில் மாசி பிறந்ததும் குடிசை கட்டி, அண்ணனும் நேசம்மாள் மைனியும் பதநீர்க் காலம் முழுக்க அங்கேதான். ஆடி கழிந்தால் கூரையைத் தன் கையாலேயே பிரித்து ஓலையை அடுக்கி வைத்துவிட்டு மலைக்குப் போய்விட வேண்டும். ரப்பர் தோட்டத்தில் கூலி வேலை. கூரை வருஷம் முழுக்க நின்றால் குடியிருப்பவனுக்கு மண்ணில் பாத்தியதை வந்துவிடும் என்று விளைக்காரர்களுக்குப் பயம். அந்தப் பக்கத்து வழக்கம் அது.

விளை யாருடையது? எங்கள் கட்சிப் பொருளாளர் வைகுண்டராஜனுடையது. அவரும் ஒரு மெம்பர்.

1954 அக்டோபர் 21

மசோதாவைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். இவருக்கு மாலை. என் பேச்சுக்குக் கைதட்டல் ஓயவில்லையாம். ஆளுங்கட்சி மெம்பர் தங்கப்பன் பனையேறிகளை நினைத்துச் சபையில் அழுதாராம்.

1955 ஜனவரி 1

அண்ணனும் மைனியும் கிறிஸ்துமஸுக்கு மலையிலிருந்து வந்தவர்கள் இன்னும் இங்கேதான். எல்லோருமாகப் புதுவருஷ ஆராதனைக்குப் போனோம். மைனி நல்ல மிளகு கொண்டுவந்திருந்தாள். கோழிக்குழம்பு. அண்ணன் மூன்றாம் தடவை சோறு கேட்டார், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

1955 பிப்ரவரி 17

மந்திரிசபை கவிழ்ந்தது. புது மந்திரிசபையை எங்கள் கட்சி ஆதரிக்கிறது. போன வருஷம் இதே ஆட்களை இவர் "மலையாள ஆதிக்கக்காரர்கள்" என்றார். நான்தான் எழுதினேன்.

1955 மே 23

இன்றைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. புது மந்திரிசபையும் அதே குடிசை மசோதாவைக் கொண்டுவருகிறது. இப்போது நாங்கள் ஆதரவு. பழைய பேச்சை எடுத்து வைத்துக்கொண்டு, இல்லை என்ற இடத்தில் எல்லாம் ஆம் என்று போட்டேன், பாதி வேலை முடிந்தது.

சிரிப்பு அதற்கில்லை. தங்கப்பன் இப்போது எதிர்வரிசை. பத்திரிகையில் அவர் அறிக்கை: "ஏழையின் பேரைச் சொல்லி நடத்தும் நாடகம் இது." என் வாக்கியம்! ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை மனிதர். இவரிடம் காட்டினேன். இவர் சிரிக்கவில்லை.

1955 ஜூன் 12

வீட்டில் கட்சி மெம்பர்கள் கூடினார்கள். நான் காப்பி கொடுக்கப் போகும்போதெல்லாம் பேச்சு நின்றது. வைகுண்டராஜன் மட்டும், "டீச்சர், காப்பி ரொம்ப விசேஷம் கேட்டியளா" என்றார்.

எல்லோரும் போனபின் இவர் சொன்னார். சட்டம் வரப்போகிறது என்று தெரிந்தால் விளைக்காரர்கள் முன்கூட்டியே ஆட்களை இறக்கிவிடுவார்கள் அல்லவா? அதனால் முன்தேதி போட வைத்துவிட்டார்களாம். ஜனவரி முதல் தேதி எவன் குடிசையில் இருந்தானோ அவனுக்குப் பாத்தியதை. அதோடு கிளர்ச்சியில் பிடிபட்ட பையன்கள் மீதுள்ள கேஸ்களையும் வாபஸ் வாங்குகிறார்கள்.

பையன்கள் என்றால் பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாளின் மகன் ஐயப்பனும் அதில் உண்டு. சொர்ணம்மாள் பத்து மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சீக்கிரம் நல்ல சேதி வரும் என்று சுவருக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

1955 ஜூன் 13

பேச்சை எழுத உட்கார்ந்தேன். "ஜனவரி முதல் தேதி" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

ஜனவரி முதல் தேதி எந்தப் பனையேறி விளையில் இருந்தான்? மார்கழியில் அங்கே கூரையே கிடையாதே! அண்ணன் அன்றைக்கு என் அடுக்களையில் கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திருவனந்தபுரத்தில் எழுதுகிறவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். நல்ல வேளை, கண்ணில் பட்டது. இவர் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பவில்லை.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"வைகுண்டராஜன் தேதியச் சொன்னப்பமே தெரியும்."

அப்போ எதுக்கு என்கிட்ட முன்தேதி, முன்தேதின்னு பெரிசாச் சொன்னீரு? நான் என்ன மைதானத்துக் கூட்டமா? எனக்க அண்ணன் இல்லியா அது? கேட்டேன். இதைவிட மோசமாகவும் கேட்டேன்.

இவர் கத்தவில்லை. "வைகுண்டராஜனும் இன்னும் ரெண்டு விளைக்காரனும் நம்ம கட்சிலதான் இருக்கான். வேற தேதி போட்டா அவனுவ ஓட்டுப் போடமாட்டான். மந்திரிசபை விழும். பயலுவ கேஸ் அப்படியே கெடக்கும். நீ போய்ச் சொர்ணம்மாக்கிட்ட சொல்லுதியா?"

 

1955 ஜூன் 15

பேச்சை எழுதிக் கொடுத்தேன்.

1955 ஜூலை 2

பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு. தலைமை விருந்தாளி தங்கப்பன். பிள்ளைகள் கோலாட்டம் ஆடிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். ஆளுங்கட்சி மெம்பரின் மனைவி எதிர்க்கட்சிக்காரரிடம்!  தேதியை மாசியிலிருந்து ஆடிக்குள் ஏதாவது ஒரு நாளாக மாற்றச் சொல்லித் திருத்தம் கொடுங்கள், பனையேறிக்காக அழுதவர் நீங்கள்தானே என்றேன்.

அவர் கவனமாகத்தான் கேட்டார். பிறகு சொன்னார்: "டீச்சரே, நல்ல பாயிண்டு. இப்ப நான் திருத்தம் கொடுத்து அது பாஸாயிட்டுன்னா, பேரு யாருக்குப் போவும்? ஒங்க வீட்டுக்காரருக்கு. சட்டம் இப்படியே வரட்டும். எலெக்‌ஷன்ல கிழிச்சுக் காட்டுதேன்."

"அதுக்குள்ள அவங்க குடிசை போயிருமே?"

"அதச் சொல்லித்தானே ஓட்டு கேக்க முடியும்" என்றார். நல்ல மனிதர்தான், கேலியாகச் சொல்லவில்லை. முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் தலையைத் தடவி ஆசீர்வதித்தார்.

1955 ஜூலை 21

மசோதா நிறைவேறியது. விளைக்கார மெம்பர்கள் எல்லோரும் ஏழைகளுக்காகக் கை தூக்கினார்களாம். தங்கப்பன் கட்சி வெளிநடப்பு.

1955 ஜூலை 31

மார்த்தாண்டம் மைதானத்தில் வெற்றிக் கூட்டம். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். "இனி உங்கள் கூரையை எந்தக் கையும் தொடாது" என்று இவர் வாசித்தபோது முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். அண்ணன். விளையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். வைகுண்டராஜன் மேடையிலிருந்து அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

1955 ஆகஸ்டு 13

பஸ் ஏறி விளைக்குப் போனேன். மைனி கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் தேதி விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்த வருஷமும் கூரையைப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வைகுண்டராஜன் பகைத்துக்கொள்வார் என்றேன்.

"நீ பள்ளிக்கூடத்துப் புக்கு படிக்கியவ. இது சர்க்கார் சங்கதியாக்கும்" என்றார். "மச்சான் பேசினத நான் எனக்க காதால கேட்டேன் மக்கா. எந்தக் கையும் தொடாதுன்னு சொன்னாவ. அவிய பொய் சொல்லுவாவளா?"

அதை எழுதியது நான்தான் அண்ணா என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மைனிகூடச் சிரித்தாள்.

1955 ஆகஸ்டு 24

அண்ணன் பிரிக்காமல் விட்டிருந்த கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். வைகுண்டராஜனின் ஆட்கள். அண்ணன் போலீசுக்குப் போனார். அவர்கள் புதுச் சட்டத்தையே எடுத்து வாசித்துக் காட்டினார்கள். ஜனவரி முதல் தேதி எங்கே இருந்தாய்? மச்சான் வீட்டில் என்று அண்ணன் உள்ளதைச் சொன்னார். எந்த மச்சான்? வக்கீல் ராஜையன். ஸ்டேஷனில் எல்லோரும் சிரித்தார்களாம்.

1955 ஆகஸ்டு 28

இவர் நேரில் போய் வைகுண்டராஜனிடம் பேசி ஒரு சமரசம் கொண்டுவந்தார். அண்ணன், தான் செய்தது தப்பு என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த மாசியில் பழையபடி மரமும் குடிசையும் உண்டு.

அண்ணன் சொன்னார். இவர் பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு வந்து இவர் ஒன்றும் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

1955 செப்டம்பர் 9

ஐயப்பன் விடுதலை. சொர்ணம்மாள் ஒரு குலை மட்டி வாழைப்பழத்தைச் சுமந்துகொண்டு வந்து இவர் காலில் விழப்போனாள். இவர் பதறிப் பின்னால் போனார். அவள் முகத்தைப் பார்த்தால் இவர் செய்தது தப்பு என்று எந்த வாயால் சொல்வது? பழம் நன்றாக இருந்தது. தின்றேன்.

1956 பிப்ரவரி 20

மாசி பிறந்துவிட்டது. அண்ணன் விளைக்குப் போனார். மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்றாம். "சட்டம் எல்லாம் படிச்ச ஆளு நமக்கு வேண்டாம்" என்றாராம் வைகுண்டராஜன். சுற்றுவட்டத்து விளைக்காரர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள்.

அண்ணனும் மைனியும் எங்கள் பின்கட்டு அறையில். இவர் அண்ணன் கண்ணில் படாமல் கோர்ட்டுக்குப் போகிறார்.

1956 மார்ச் 24

யாரைக் காப்பாற்ற அந்தத் தேதி போட்டார்களோ, அந்த மந்திரிசபையும் விழுந்தது.

1956 நவம்பர் 1

மதராஸ் மாகாணத்தோடு சேர்ந்துவிட்டோம். தெருவெல்லாம் கொடி, வெடி, மிட்டாய். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். இதற்காகத்தானே இத்தனை பேர் அடிபட்டார்கள். மேடையில் இவர், வைகுண்டராஜன், இவர்களுக்கு நடுவில் மாலையோடு தங்கப்பன். அவர் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார்.

1956 டிசம்பர் 16, ஞாயிறு

காலை ஆராதனை முடிந்ததும் அண்ணனும் மைனியும் மலைக்குப் புறப்பட்டார்கள். தோட்டத்தில் நிரந்தர வேலை. இனி மாசிக்கு வர மாட்டார்கள். பஸ் வரும்வரை நான் அழுதுகொண்டிருந்தேன். மைனி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அண்ணன் சொன்னார்: "மச்சான்கிட்ட மூஞ்சியத் தூக்கிட்டு இருக்காத மக்கா. சட்டம் நல்ல சட்டம்னுதான் எல்லாருஞ் சொல்லுதாவ. நமக்குத்தான் நாளு ஒத்து வரல்ல."

மத்தியானம் இவர் தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தேர்தல் கூட்டம் தொடங்குகிறது. குடிசைச் சட்டத்தை முதலில் வைக்க வேண்டுமாம், அதற்குத்தான் மதிப்பு அதிகமாம். நீங்களே எழுதுங்கள் என்றேன். இவர் கோபப்படவில்லை. தாளை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

பிறகு வாசல்படி வரை வந்து கேட்டார்: "இஸ்ரவேல் மச்சானுக்கத் தோட்டத்து விலாசம் ஒனக்கிட்ட உண்டா? வோட்டர் லிஸ்டுல அவிய ரெண்டு பேருக்க பேரும் விளையிலதான் கெடக்கு. ஓட்டு நாள் இறங்கி வரச்சொல்லி நீ ஒரு காகிதம் போடணும்."

வைகுண்டராஜன் விளையில் குடியிருப்பவர்கள் என்று போட்டிருக்கிறதாம்.

காகிதம் இன்னும் எழுதவில்லை.